பவர் சப்ளைக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள்

கேமிங் கணினியைத் தாங்களே பாகம் பாகமாக வாங்கிப் பூட்ட நினைக்கிறவர்கள் தங்கள் பட்டியலை எனக்கு அனுப்பி "இது சரியா?" என்று கேட்பதுண்டு. பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதலில் கிராஃபிக்ஸ் கார்டு, அடுத்து பிராசசர், அப்புறம் மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கண்ணாடி வைத்த கேபினட். கடைசி வரியில் பவர் சப்ளை. அதற்கு எதிரே மாடல் பெயர்கூட இருக்காது. "650 வாட்" என்று மட்டும் எழுதியிருக்கும். மற்றதெல்லாம் வாங்கியதுபோக மிஞ்சுகிற பணத்துக்கு எது கிடைக்கிறதோ அது.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. கணினிக்குள் இருக்கிற எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் அந்த ஒரு பெட்டியிலிருந்துதான் போகிறது. ரேம் கெட்டால் ரேமை மாற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம். மட்டமான பவர் சப்ளை கெடும்போது, 12 வோல்ட் போக வேண்டிய கம்பியில் அதற்கு மேல் ஏறிப் போனால், மதர்போர்டையும் கார்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போக வாய்ப்பு உண்டு. இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு மூன்று நான்கு ஆண்டில் பழசாகிவிடும். நல்ல பவர் சப்ளைகள் சிலவற்றுக்கு 10 ஆண்டு வாரன்ட்டி தருகிறார்கள். இன்று வாங்குவதை அடுத்த கணினியிலும் மாட்டலாம். இவ்வளவு காலம் கூட வரப்போகிற ஒரு பொருளை மிச்சப் பணத்தில் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

எதைப் பார்த்து வாங்குவது? டெஸ்க்டாப்பில் சும்மா உட்கார்ந்து இணையம் பார்க்கும்போது எந்தப் பவர் சப்ளையும் நன்றாகத்தான் வேலை செய்யும். கேம் நடுவே கார்டு திடீரென்று இரண்டு மடங்கு மின்சாரம் கேட்கிற அந்த மில்லி விநாடியில், மெயின்ஸ் கண் சிமிட்டுகிற நேரம் போய் வருகிறபோது, கேபினட்டுக்குள் வெக்கை 45 டிகிரியைத் தொடும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். பெட்டிமேல் பெரிதாக அச்சிட்டிருக்கிற வாட் எண் இதில் எதையும் சொல்வதில்லை.

ஆனாலும் வாட் கணக்கைத் தாண்டிப் போக முடியாது. அதை முதலில் முடித்துவிடுவோம், கஷ்டமே இல்லை.

பிராசசர் பெட்டியில் போட்டிருக்கும் டிடிபி (வெப்ப வடிவமைப்பு அளவு) என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு 120 வாட் என்று போட்டிருக்கும். அது உட்காரும் சாக்கெட் வழியாக எடுக்க ஏஎம்டி வைத்திருக்கும் உச்சவரம்பு 162 வாட். கோர் ஐ9 14900கே-க்கு அடிப்படை எண் 125, உச்சம் 253. கணக்குக்கு எப்போதும் உச்ச எண்ணையே எடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுகளின் எண்கள் இன்னும் நேரானவை: ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட், 4070-க்கு 200, 5070 டிஐ-க்கு 300, 5080-க்கு 360, 5090-க்கு 575. ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 304 வாட், 7900 எக்ஸ்டிஎக்ஸ் 355 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, காற்றாடிகள், யுஎஸ்பியில் தொங்குகிறவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 75 வாட் வைத்தால் தாராளம்.

7800எக்ஸ்3டி-யும் 5070 டிஐ-யும் போட்டால் 162, 300, 75 சேர்ந்து 537. கேம் ஓடும்போது அந்தப் பிராசசர் பெரும்பாலும் 100 வாட்டைக்கூடத் தொடாது என்பதால் உண்மையான ஓட்டம் இதற்கும் கீழேதான் இருக்கும். இதற்கு 750 வாட் போதும், நன்றாகவே போதும். ரைசன் 5 7600-உம் 4060-உம் என்றால் உச்சம் 280 வாட்டைத் தாண்டாது. தரமான 550 வாட் எடுத்தால் வேலை முடிந்தது. 14900கே-யும் 5090-உம் சேர்த்துப் போடுகிறவருக்குக் கணக்கு 900-ஐத் தாண்டும். கார்டு நிறுவனம் 1000 வாட் போதும் என்கிறது. நானாக இருந்தால் 1200 எடுப்பேன். காரணத்தைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லாரும் 1000 வாட்டுக்குப் போவதையும் நான் ஆதரிக்கவில்லை. பவர் சப்ளை தேவையான அளவு மட்டுமே மின்சாரம் எடுக்கும், அதனால் பெரியது வாங்கினால் மின் கட்டணம் எகிறாது, சரி. ஆனால் கணினி சும்மா இருக்கும்போது 60 வாட்தான் ஓடும். 1200 வாட் பெட்டிக்கு அது 5 சதவீதம். அவ்வளவு குறைந்த சுமையில் பல பவர் சப்ளைகளின் திறன், அதாவது எடுக்கிற மின்சாரத்தில் கணினிக்குப் போய்ச் சேரும் பங்கு, நன்றாகவே இறங்கிவிடும். அதைவிட முக்கியமாக, அதே பணத்துக்கு 1000 வாட் சுமாரானதும் கிடைக்கும், 750 வாட் அருமையானதும் கிடைக்கும். 750 போதும் என்கிற கணினிக்கு அந்த அருமையானதைத்தான் வாங்க வேண்டும்.

இப்போது, வாட் கணக்கு சரியாக இருந்தும் கணினி தடுமாறுகிற இடத்துக்கு வருகிறேன்.

என் அக்கா மகன் ஒருநாள் போனில் கூப்பிட்டான். "மாமா, கேம் ஓடிக்கிட்டே இருக்கும்போது பட்டுனு ரீஸ்டார்ட் ஆகுது. கார்டு போச்சா?" பழைய ஆர்டிஎக்ஸ் 3080 ஒன்றை யாரிடமோ வாங்கிப் போட்டிருந்தான். நீலத் திரை வரவில்லை, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. திரை கறுக்கும், காற்றாடி நிற்கும், ஓரிரு விநாடியில் தானாகவே கணினி மறுபடி எழும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் "கெர்னல்-பவர் 41" என்று ஒரு வரி. அந்த வரி பெரும் துப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கணினி முறைப்படி அணையாமல் நின்றுபோயிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

அவன் அதற்குள் டிரைவரை இரண்டு முறை மாற்றியிருந்தான், ரேமைச் சோதித்திருந்தான், விண்டோஸையே புதிதாக நிறுவியிருந்தான். எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது வேறொன்று. கடும் சண்டைக் காட்சியில் விழுவதைவிட, கேமின் மெனு திரையிலும் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் நொடியிலும்தான் அதிகம் விழுந்தது. மெனு திரையில் வரைய எதுவும் இல்லாததால் கார்டு விநாடிக்குப் பல நூறு பிரேம்களைத் துப்பும். சுமை ஒரு கணம் உச்சத்துக்குப் போகும், அடுத்த கணம் விழும். "கார்டோட பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கிட்டு ஓட்டிப் பாரு" என்றேன். மறுநாள் கூப்பிட்டான். ஒருமுறைகூட விழவில்லை. கார்டில் கோளாறு இல்லை, அது கேட்கிற வேகத்துக்கு 550 வாட் பவர் சப்ளையால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பது அதிலிருந்து ஓரளவு தெளிவானது. 850 வாட்டில் ஒரு நல்லதை இரவல் வாங்கி மாட்டியதும், லிமிட்டை மறுபடி 100-க்கு ஏற்றியும் பிரச்சினை வரவில்லை.

3080-இன் அறிவிக்கப்பட்ட அளவு 320 வாட். அது சராசரி. 2020-இல் அந்தத் தலைமுறைக் கார்டுகள் வந்தபோது, ஆய்வாளர்கள் ஆசிலோஸ்கோப் (மின் மாற்றங்களை நுணுக்கமாகக் காட்டும் கருவி) வைத்து அளந்ததில் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு மின்தேவை 400 வாட்டைத் தாண்டிக் குதிப்பது தெரிந்தது. சுவரில் மாட்டும் மீட்டரோ கணினியில் ஓடும் மென்பொருளோ இதைக் காட்டாது. அவை அரை விநாடிக்கோ ஒரு விநாடிக்கோ ஒருமுறை எண்ணைப் புதுப்பிப்பவை. பவர் சப்ளைக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று மட்டும் அந்தக் குதிப்பைப் பார்த்துவிட்டு, எங்கோ ஷார்ட் ஆகிறது போல என்று தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அணைத்தது தவறில்லை. அந்தக் குதிப்பைத் தாங்கும்படி அது வடிவமைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

பவர் சப்ளைகளுக்காக இன்டெல் 2022-இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதைத்தான் எழுத்தில் கொண்டுவந்தது. புதிய வகைக் கார்டு கனெக்டர் வைத்த, 450 வாட்டுக்கு மேற்பட்ட பவர் சப்ளை தன் அளவைப் போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும். 180 சதவீதத்தை 1 மில்லி விநாடி, 160-ஐ 10 மில்லி விநாடி, 120-ஐ 100 மில்லி விநாடி. 850 வாட் பெட்டி கண நேரம் 1700 வாட் கொடுத்துவிட்டு எதுவும் நடக்காததுபோல் ஓட வேண்டும். என்னைக் கேட்டால், இன்று புதிதாக வாங்குகிறவர் பார்க்க வேண்டிய முதல் வரி இதுதான்: ஏடிஎக்ஸ் 3.0 அல்லது அதற்குப் பின் வந்த 3.1. பழைய விதிமுறைப்படி செய்த நல்ல பவர் சப்ளைகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் எது குதிப்பைத் தாங்கும், எது தாங்காது என்பதை ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்க வேண்டும். 5090-க்கு 1200 எடுப்பேன் என்று சொன்னதும் இதனால்தான். சராசரியே 575 வாட்டாக இருக்கும் கார்டு குதிக்கும்போது அதற்கு இடம் வேண்டும்.

அடுத்து, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிள். வாங்கும் முன் அதன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று பத்திகள் இருக்கும், ஒவ்வொன்றின் கீழும் ஆம்பியர். ஏடிஎக்ஸ் வடிவம் 1995-இல் வந்தபோது கணினி பெரும்பாலும் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் ஓடியது. இன்று பிராசசரும் கார்டும் எடுப்பது எல்லாம் 12 வோல்ட்தான்; மதர்போர்டும் கார்டும் தங்களுக்குள்ளேயே அதை ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கிக்கொள்கின்றன. ஆகவே நமக்கு வேண்டியது 12 வோல்ட் பத்தியில் இருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்கி வரும் எண்.

நல்ல 850 வாட் பவர் சப்ளையில் 12 வோல்ட்டுக்கு 70.8 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 849.6. சொன்ன வாட் முழுவதும் 12 வோல்ட்டிலேயே கிடைக்கிறது. இப்போது "600 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்ட மலிவான ஒன்றின் லேபிள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். 3.3 வோல்ட்டில் 24 ஆம்பியர், 5 வோல்ட்டில் 26, 12 வோல்ட்டில் 31. தனித்தனியாகப் பெருக்கினால் 79, 130, 372 வாட். கணினி அணைந்திருக்கும்போதும் ஓடும் 5 வோல்ட் கம்பிக்கும், யாரும் பயன்படுத்தாத மைனஸ் 12-க்கும் ஒரு 16 வாட். எல்லாவற்றையும் கூட்டினால் 597 வருகிறது, அதைத்தான் 600 என்று அச்சிட்டிருக்கிறார்கள். கேம் ஆட உதவுவது அதில் 372 மட்டும். சிலவற்றில் "உச்சம்" என்று சின்ன எழுத்தில் போட்டு, சில விநாடிகளே தாங்கக்கூடிய எண்ணைப் பெயராக வைத்திருப்பார்கள். அந்த மாதிரி லேபிளைப் பார்த்தால் அடுத்த பொருளுக்குப் போய்விடுங்கள், மேற்கொண்டு ஆராய வேண்டாம்.

12 வோல்ட் பத்தி சின்னதாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய மலிவு வடிவமைப்பில் 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே சுற்று சேர்த்துக் கட்டுப்படுத்தும். கார்டு 12 வோல்ட்டை நிறைய இழுத்து, 5 வோல்ட்டில் சுமையே இல்லாவிட்டால் ஒன்று கீழே இறங்கும், மற்றது மேலே ஏறும். இன்றைய கேமிங் கணினியின் சுமை சரியாக அப்படித்தான் இருக்கிறது. நல்ல பவர் சப்ளைகள் எல்லாவற்றையும் முதலில் 12 வோல்ட்டாக மாற்றி, அதிலிருந்து சின்ன டிசி-டிசி பலகைகள் வழியாக 5-ஐயும் 3.3-ஐயும் எடுக்கின்றன. விவரக்குறிப்பில் "டிசி-டிசி" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

80 பிளஸ் முத்திரைக்கு வருவோம். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் என்று வரிசை. 2004-இல் தொடங்கிய இந்தத் திட்டம் முக்கியமாக அளப்பது ஒன்றைத்தான்: சுவரிலிருந்து எடுக்கிற மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கணினிக்குப் போகிறது, எத்தனை வெப்பமாகிறது. 115 வோல்ட்டில் நடத்தும் சோதனையில் தங்கம் என்றால் 20 சதவீத சுமையில் 87, பாதிச் சுமையில் 90, முழுச் சுமையில் 87 சதவீதம் திறன். வெண்கலத்துக்கு 82, 85, 82. சோதனை நடப்பது 23 டிகிரி அறையில். மின்னழுத்தத்தில் எவ்வளவு அலைவு இருக்கிறது, கார்டு குதிக்கும்போது என்ன ஆகிறது, பாதுகாப்புச் சுற்றுகள் வேலை செய்கின்றனவா என்று அந்த முத்திரை பார்ப்பதில்லை.

தங்கம் வாங்கினால் மின் கட்டணத்தில் காசைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணினிக்கு 400 வாட் தேவை. 90 சதவீதத் திறனில் சுவரிலிருந்து 444 வாட் போகும், 85-இல் 471. வித்தியாசம் 26 வாட் சொச்சம். தினமும் 4 மணி நேரம் விளையாடினால் ஆண்டுக்கு 38 யூனிட். பெரிய தொகை இல்லை. ஆனாலும் நான் தங்கத்தைத்தான் சிபாரிசு செய்கிறேன். அந்தத் திறனை எட்ட நல்ல வடிவமைப்பு தேவைப்படுகிறது, அதனால் தங்க வரிசையில் கிடைப்பவற்றில் உள்ளே இருக்கும் சரக்கும் பொதுவாக மேலாக இருக்கிறது. தவிர, அந்த 26 வாட் வெப்பம் பெட்டிக்குள் தங்காமல் போவதால் காற்றாடி மெதுவாகச் சுற்றும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் நீடிக்கும். பிளாட்டினம், டைட்டானியத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட அதைக் கார்டில் போடலாம். முத்திரைமேல் சந்தேகம் இருந்தால் 80 பிளஸ் தளத்தில் மாடல் பட்டியல் இருக்கிறது, தேடிப் பார்க்கலாம். சைபெனடிக்ஸ் என்ற இன்னொரு சோதனை அமைப்பு திறனுக்கும் சத்தத்துக்கும் தனித்தனித் தரம் கொடுக்கிறது. அவர்களின் அறிக்கைகளில் அலைவு அளவுகளும் குதிப்புச் சோதனை முடிவுகளும் இருப்பதால் நான் அதிகம் நம்புவது அவற்றைத்தான்.

அலைவு என்றேன். 12 வோல்ட் என்பது ஒரு நேர்கோடு போல வருவதில்லை. மேலும் கீழும் சின்னதாக நடுங்கிக்கொண்டே வரும். விதிமுறை அனுமதிக்கும் நடுக்கம் 12 வோல்ட்டில் 120 மில்லி வோல்ட், 5-இலும் 3.3-இலும் 50. நல்ல பவர் சப்ளைகள் முழுச் சுமையிலும் 12 வோல்ட்டில் 30-ஐ ஒட்டியே வைத்திருக்கும். 100-ஐத் தொடும் ஒன்று விதிப்படி தேறிவிட்டாலும், மதர்போர்டிலும் கார்டிலும் உள்ள கெப்பாசிட்டர்கள் அந்த நடுக்கத்தை நாள் முழுக்க விழுங்கிச் சூடாகும். திடீரென்று எதுவும் வெடிக்காது. ஆயுள் குறையும்.

பெயரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். கேமிங் உலகில் நாம் பார்க்கும் பல பிராண்டுகள் பவர் சப்ளையைத் தாங்களே செய்வதில்லை. சீசானிக், சூப்பர் ஃபிளவர், சேனல் வெல், எஃப்எஸ்பி போன்ற சில நிறுவனங்கள் செய்துகொடுப்பதில் தங்கள் பெயரை ஒட்டுகிறார்கள். (சீசானிக்கும் எஃப்எஸ்பியும் தங்கள் பெயரிலேயும் விற்கின்றன.) அதனால் ஒரே பிராண்டின் ஒரு வரிசை அற்புதமாகவும், அதே பிராண்டின் கீழ் வரிசை வேறு யாரோ செய்த சுமார் சரக்காகவும் இருக்கும். "அந்த கம்பெனி நல்ல கம்பெனி" என்பது பதிலாகாது. அந்த மாடல் எப்படி என்பதுதான் கேள்வி. திறந்து பார்த்து எழுதியிருக்கும் விமர்சனம் ஒன்றையாவது படியுங்கள். கெப்பாசிட்டர்கள் 105 டிகிரிக்கானவையா, 85-க்கானவையா என்று அதில் இருக்கும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி குறையக் குறைய ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது அந்தத் துறையில் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. அதனால் இந்த 20 டிகிரி சின்ன விஷயமில்லை.

விமர்சனத்தில் பாதுகாப்புச் சுற்றுகள் பற்றிய பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மிகை வோல்ட், குறை வோல்ட், மிகை மின்னோட்டம், மிகை வாட், ஷார்ட், அதிக வெப்பம் என்று ஆறு வகை. எல்லாம் இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருப்பதும், எந்த அளவில் விழும்படி வைத்திருக்கிறார்கள் என்பதும் வேறு வேறு. 2021-இல் ஒரு பெரிய நிறுவனத்தின் பவர் சப்ளைகள் சோதனையில் பொறி பறக்க வெடித்தது பெரிய செய்தியானது. அவற்றில் மிகை வாட் பாதுகாப்பு 120 முதல் 150 சதவீதம் வரை போக விட்டிருந்தது. நிறுவனம் பின்னர் அதை 110 முதல் 120-க்கு இறக்கியது. ஏடிஎக்ஸ் 3.0 கேட்கிற குதிப்பையும் அனுமதிக்க வேண்டும், நீடித்த மிகைச் சுமையில் பட்டென்று அணையவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வதில்தான் வடிவமைப்பாளரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. மலிவில் அது வருவதில்லை.

மெயின்ஸ் போய் வரும் இடங்களில் இன்னொரு எண்ணும் முக்கியம். மின்சாரம் நின்றபின் பவர் சப்ளை தன் பெரிய கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்து எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? பழைய விதி முழுச் சுமையில் 17 மில்லி விநாடி கேட்டது. ஏடிஎக்ஸ் 3.1 80 சதவீத சுமையில் 17, முழுச் சுமையில் 12 கேட்கிறது. சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். பவர் சப்ளையின் கையிருப்பு அதற்குள் தீர்ந்துவிட்டால் யுபிஎஸ் இருந்தும் கணினி விழும். அப்படி விழுகிறவர்கள் யுபிஎஸ்ஸைத் திட்டுவார்கள், குற்றம் பவர் சப்ளையிலாக இருக்கும். யுபிஎஸ்ஸில் விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள். தூய சைன் அலை தருவதாக இருந்தால் நல்லது. படிக்கட்டு போன்ற அலை தருகிற சில யுபிஎஸ்கள், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக எடுக்க உதவும் சுற்று) உள்ள பவர் சப்ளைகளோடு ஒத்துப்போவதில்லை.

கார்டுக்குப் போகும் புதிய கனெக்டர் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். பயப்படக் காரணம் இருக்கிறது, அதை எண்ணாகவே பார்க்கலாம். பழைய 8 பின் கனெக்டருக்கு அனுமதி 150 வாட். அதில் 12 வோல்ட் கொண்டுபோவது மூன்று பின்கள். 150-ஐ 12-ஆல் வகுத்தால் 12.5 ஆம்பியர், ஒரு பின்னுக்கு 4.2. அந்தப் பின் அதற்கு இரண்டு மடங்கு அளவு தாங்கும். ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் மற்ற இரண்டும் சமாளித்துக்கொள்ளும். 12விஎச்பிடபிள்யூஆர் என்ற புதிய கனெக்டருக்கு 600 வாட் அனுமதி, 12 வோல்ட்டுக்கு ஆறு பின்கள், அதுவும் சின்னவை. 50 ஆம்பியரை ஆறால் வகுத்தால் பின்னுக்கு 8.3. அந்தப் பின் தாங்கக்கூடியது 9 சொச்சம். இடைவெளி அவ்வளவுதான். ஒரு பின் சரியாக உட்காராமல் மற்ற ஐந்தும் பங்கிட்டால் பின்னுக்கு 10 ஆம்பியர், வரம்பு தாண்டிவிட்டது. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே கனெக்டர்கள் உருகிய படங்கள் வரத் தொடங்கியதற்கு, முழுதாக உள்ளே போகாத இணைப்பு ஒரு முக்கியக் காரணம். அதன்பின் 12வி-2×6 என்று திருத்தினார்கள். கார்டு கம்பியை அடையாளம் காண உதவும் நான்கு சின்னப் பின்களைக் குட்டையாக்கி, கனெக்டர் முழுதாக உள்ளே போனால்தான் அவை தொடும்படி செய்தார்கள். நல்ல மாற்றம். ஆனால் பின்னுக்கு 8.3 என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

300 வாட் கார்டுக்கு இதே கணக்கில் பின்னுக்கு 4.2 ஆம்பியர்தான், பதற்றம் வேண்டாம். 4090, 5090 வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பவர் சப்ளையோடு வந்த கம்பியையே பயன்படுத்துங்கள். கேபினட்டைப் படுக்க வைத்து, வெளிச்சம் அடித்து, கனெக்டரின் பிளாஸ்டிக் விளிம்புக்கும் கார்டில் உள்ள சாக்கெட்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லாத வரை அழுத்துங்கள். கொக்கி விழும் "கிளிக்" சத்தம் சிலவற்றில் கேட்காது, அதனால் காதை நம்பாமல் கண்ணால் பாருங்கள். கனெக்டரை ஒட்டியே கம்பியை வளைக்கக் கூடாது, 35 மில்லி மீட்டராவது நேராக வரட்டும். கண்ணாடிக் கதவை மூடும்போது அது கம்பியை அமுக்குகிறதென்றால் கேபினட் அகலம் போதவில்லை என்று அர்த்தம். 8 பின் கார்டுகளுக்கு ஒரே ஒரு குறிப்பு: கார்டில் இரண்டு சாக்கெட் இருந்தால் பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனிக் கம்பிகளை எடுங்கள். ஒரே கம்பியின் நுனியில் தொங்கும் இரண்டாவது தலையைப் பெரிய கார்டில் மாட்ட வேண்டாம்.

இனி வருவதைத் தடித்த எழுத்தில் போட்டால்கூடத் தகும். மாடுலர் பவர் சப்ளை, அதாவது கம்பிகளைக் கழற்றி மாட்டக்கூடியது, வசதியானது. வேண்டாத கம்பி கேபினட்டுக்குள் அடைந்து கிடக்காது. ஆனால் ஒரு பவர் சப்ளையின் கம்பியை இன்னொன்றில் மாட்டவே கூடாது. கார்டு பக்கமும் மதர்போர்டு பக்கமும் இருக்கும் முனைகளுக்குப் பொது விதி உண்டு. பவர் சப்ளை பக்கம் இருக்கும் முனைக்கு அப்படி எந்த விதியும் இல்லை, ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி பின்களை அடுக்குகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறுவது உண்டு. உருவம் பொருந்தும், கச்சிதமாக உள்ளே போகும், பட்டனை அழுத்தியதும் 5 வோல்ட் வர வேண்டிய பின்னில் 12 வோல்ட் வந்து ஹார்ட் டிஸ்க்கும் சாட்டா எஸ்எஸ்டியும் அந்த நொடியே போய்விடும். உள்ளே இருந்த புகைப்படங்களும் சேர்ந்துதான். பவர் சப்ளையை மட்டும் மாற்றுகிறவர்கள், "கம்பிதான் ஏற்கெனவே அழகாகக் கட்டியிருக்கிறதே, பெட்டியை மட்டும் மாற்றிவிடலாம்" என்று நினைக்கும்போதுதான் இது நடக்கிறது. கட்டியதை எல்லாம் அவிழ்த்துப் புதிய கம்பியைப் போடுங்கள். பழைய கம்பிகளைப் பழைய பவர் சப்ளையோடு ஒரே பையில் கட்டி, பைமேல் மாடல் பெயரை எழுதி வையுங்கள்.

அளவு, காற்றாடி பற்றி அதிகம் சொல்ல இல்லை. சாதாரண ஏடிஎக்ஸ் பெட்டி 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், நீளம் 140-இல் தொடங்கி மாடலுக்கு மாடல் மாறும். கேபினட்டின் குறிப்பில் எத்தனை நீளம் வரை இடம் என்று பார்த்து, கம்பி வளைய இன்னும் ஓர் 50 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னக் கேபினட் என்றால் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவு. கேபினட்டின் அடியில் சல்லடை இருந்தால் காற்றாடி கீழே பார்க்கட்டும். அடியில் திறப்பு இல்லாவிட்டால் மேலே.

பழைய பவர் சப்ளை வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். எந்த மாடல், எந்த ஆண்டு, வாரன்ட்டி எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால், எல்லாக் கம்பிகளும் அதோடு வந்தால், வாங்கலாம். இதில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். பட்ஜெட் இடித்தால் கார்டில் ஒரு படி இறங்குங்கள், ரேமை பிறகு கூட்டிக்கொள்ளுங்கள். ஆர்ஜிபி விளக்குகளை முதலில் வெட்டுங்கள்.

அக்கா மகன் கடைசியில் 850 வாட், தங்கம், ஏடிஎக்ஸ் 3.1, 10 ஆண்டு வாரன்ட்டி உள்ள ஒன்றை வாங்கினான். கழற்றி வைத்த பழைய பெட்டியைத் திறந்து தூசு தட்டட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஓடும்போது 400 வோல்ட் அளவுக்குச் சார்ஜ் ஏறியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கிவிடாது. தூசு இருந்தால் காற்றாடி நடுவில் ஒரு குச்சியை வைத்துச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்தே காற்று ஊதினால் போதும்.